பதினோராம் நம்பரை எங்கே நிறுத்துவது

மவுஸுக்கு அடியில் ஒரு உருண்டை இருந்த காலம் நினைவிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை. ஆனால் அந்த உருண்டையை வெளியே எடுத்து, உள்ளே உருளையில் சுற்றியிருக்கும் அழுக்கை நகத்தால் சுரண்டி, ஊதி, மறுபடி போட்டு மூடியவர்களுக்குத்தான் நான் சொல்வதில் பாதி புரியும். நமக்கெல்லாம் இப்போது தலை நரைத்துவிட்டது. மாடிப்படி ஏறினால் முட்டி பேசுகிறது. சொல்ல நினைத்ததை இப்போதே சொல்லிவிட வேண்டும்.

போன மாதம் என் மகள் செல்போனில் கால்பந்து விளையாட்டு ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பந்தை உதைக்கிற விளையாட்டு இல்லை. மேனேஜராக இருந்து ஆட்களை நிறுத்துகிற விளையாட்டு. "அம்மா, இவன் சரியா ஆடவே மாட்றான், எங்க போடலாம்?" என்று திரையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு எரிச்சல் வந்ததோ, "எங்கியோ போடு, எனக்கு வேலை இருக்கு" என்று கத்திவிட்டேன். பாவம், அவள் முகம் சுருங்கிப் போனது. அவள் மேல் எனக்கு என்ன கோபம்? கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. அது இருபது வருஷத்துக்கு மேலாக ஆறாமல் கிடக்கிறது.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. அத்தாவுக்கு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) பெரிய மார்க்கெட் பக்கத்தில் தோல் பைக் கடை. கணக்குப் பார்க்க என்று யாரிடமோ ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினார். கடைத் தூசு அதற்கு ஆகாது என்று யாரோ சொல்ல, அது வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மா அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்தாள். பெட்டிக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று, மவுஸுக்குக்கூடக் குட்டியாக ஒன்று. அந்த அறைக்குள் செருப்போடு போகக்கூடாது, ஈரக் கையோடு தொடக்கூடாது. வீட்டுக்கு வந்த மருமகளுக்குக்கூட அவ்வளவு மரியாதை நடந்திருக்காது. ஆன் செய்தால் சூடான தூசு வாசனை ஒன்று வரும். நாள் முழுக்க என் கை விரலில் அந்த வாசனை இருக்கும்.

அண்ணன் அப்போது ப்ளஸ் ஒன். புதுச்சேரி ஜூனியர் டீமுக்கு அவன்தான் இடது ஓரத்தில் ஆடப்போகிறான் என்று ஊரில் பேச்சு. முதுகில் பதினோராம் நம்பர். எங்கள் தெருவில் எந்தப் பெரியவர் என்னைப் பார்த்தாலும், "இன்னா, உங்கண்ணன் எப்ப செலக்ட் ஆவான்?" என்றுதான் கேட்பார், நான் என்ன படிக்கிறேன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அவன் ஓடினால் அப்படி இருக்கும். பந்தை முன்னால் தட்டிவிட்டு, எதிராளி திரும்புவதற்குள் அந்தப் பக்கம் போய் நிற்பான். முதலியார்பேட்டைப் பக்கம் நடந்த ஒரு மேட்ச்சில், எதிர் டீம் தடியன் ஒருத்தன் அவன் முட்டியின்மேல் மொத்தமாக வந்து விழுந்தான். என்னமோ உள்ளே பிசகிப் போனது.

ஆபரேஷன் முடிந்து, கட்டுப் போட்டு, வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் அத்தாவையும் அம்மாவையும் தனியாகக் கூப்பிட்டார். நான் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். என்னை யாரும் போ என்று சொல்லவில்லை. ஆள் என்று எண்ணினால்தானே சொல்வார்கள். டாக்டர் பளிச்சென்று சொன்னார். நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், நண்பர்களோடு ஆடவும் ஆடலாம். ஆனால் பழைய வேகம் திரும்ப வராது. அந்த வேகத்தை நம்பி எதுவும் திட்டம் போடாதீர்கள். கடைசியாக, "பையன்கிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா என் தோளில் கைவைத்து, "நீ ஒண்ணும் கேக்கல, சரியா?" என்றாள். நான் சரி என்றேன். 

எங்கள் வீட்டில் கெட்ட செய்திக்கு என்று ஒரு நடைமுறை உண்டு. உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். காரைக்காலில் பெரியம்மா மவுத்தானபோது, "அக்காவுக்குக் கொஞ்சம் முடியலையாம், பாத்துட்டு வந்துடலாம்" என்று சொல்லித்தான் அத்தா அம்மாவைப் பஸ் ஏற்றினார். கடலூர் தாண்டும்போது அது "ரொம்ப முடியலையாம்" ஆனது. சிதம்பரத்தில் பஸ் நின்றபோது அத்தா டீ வேண்டாம் என்றார், அம்மா தானாகவே அழ ஆரம்பித்துவிட்டாள். பெரியம்மா போய்விட்டாள் என்று கடைசிவரை யாரும் வாயைத் திறந்து சொல்லவே இல்லை. அதற்குப் பெயர் பக்குவம். டாக்டருக்கு எங்கள் வீட்டுப் பக்குவம் தெரியாது.

ஆக, அண்ணனிடம் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "இன்ஷா அல்லா, கட்டு பிரிச்சதும் ஓடுவ." பால்காரர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை இதே. அவனும் கட்டுக்குள் அரிக்கிற இடத்தில் அம்மாவின் ஸ்வெட்டர் ஊசியை விட்டுச் சொறிந்துகொண்டே, ஜூனியர் டீமுக்கு ஆள் எடுக்கிற ட்ரையல்ஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்தச் சமயத்தில்தான் பிரான்ஸிலிருந்து மாமா விடுமுறைக்கு வந்தார். அம்மாவின் தம்பி. வருஷா வருஷம் வாசனை சோப்பு, சாக்லேட், அளவு சரியில்லாத சட்டைகள். இந்தத் தடவை அண்ணனுக்கு என்று ஒரு சிடி. கால்பந்து மேனேஜர் விளையாட்டு. போட்டதும் முழுக்கப் பிரெஞ்சில் வந்தது. "சும்மா உக்காந்திருக்கறதுக்கு இதுலயாவது ஆடட்டும்க்கா" என்றார் மாமா.

விளையாட்டு என்றால் இப்போது போல புல்லும் வேர்வையும் தெரிகிற விளையாட்டு என்று நினைக்காதீர்கள். ஒரு பச்சைக் கட்டம். அதில் பதினொரு வட்டம். ஒவ்வொருவன் பெயருக்குப் பக்கத்திலும் வேகம் எவ்வளவு, பாஸ் எவ்வளவு, தைரியம் எவ்வளவு என்று இருபதுக்கு மார்க். வட்டத்தை மவுஸால் இழுத்து எங்கே நிறுத்துகிறோமோ அங்கே அவன் ஆடுவான். வட்டத்திலிருந்து ஒரு அம்பை முன்னால் இழுத்துவிட்டால் அந்தப் பக்கம் ஓடுவான். அம்பு இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே ஆடுவான். மேட்ச் ஆரம்பித்தால் திரைக்குக் கீழே ஒவ்வொரு வரியாக எழுத்து ஓடும், அவ்வளவுதான். அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு நாங்கள் போட்ட கூச்சலுக்கு எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும்.

மாமா குடியிருக்கிற ஊருக்குப் பக்கத்து டீமை அண்ணன் எடுத்துக்கொண்டான். மூன்றாவது டிவிஷனில் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த டீம். ஆட்களின் பெயர் ஒன்றும் எங்கள் வாயில் நுழையவில்லை, அதனால் நம்பரை வைத்தே கூப்பிட்டோம். பதினோராம் நம்பர் இடது ஓரத்துப் பையன். அண்ணனைவிட ஒரு வயதோ இரண்டு வயதோ பெரியவன். வேகத்தில் பதினேழு. அண்ணன் அவனைப் பார்த்ததும், "நம்மாளு" என்றான். அதற்குப் பிறகு டீம் அவனைச் சுற்றித்தான். அவன் அம்பு மட்டும் கட்டத்தின் கடைசி வரை நீளும்.

பிரெஞ்சு வாசிக்க அத்தா வேண்டும். சின்ன வயதில் அவரைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தார்கள்; கடைக்கு வரும் வெள்ளைக்காரர்களோடு அந்தப் பாஷையில்தான் பேரம் பேசுவார். மதியம் கடையை மூடிவிட்டு வீட்டுக்குச் சாப்பிட வருவார். கொஞ்சம் படுத்து எழுந்ததும் நாங்கள் அவரைப் பிடித்து உட்கார வைப்போம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு ரொம்பக் கிட்டப் போய், "எலியே கோஷ். அதாவது இடது ஓரத்துல ஓடுறவன். இது மில்யே தெஃபான்சிஃப். நடுவுல நின்னு பந்தை வாங்கிப் பிரிச்சிக் குடுக்குறவன்" என்று பாடம் நடத்துவார். வித்தெஸ் என்றால் வேகம் என்பது எனக்கே சீக்கிரம் மனப்பாடம் ஆகிவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த மதியங்கள் நன்றாக இருந்தன. அத்தா அண்ணனோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஒரு மதியம் பதினோராம் நம்பருக்கு அடிபட்டது. மேட்ச் நடுவில் அவன் பெயர் சிவப்பானது. மறுநாள் டீம் டாக்டரிடமிருந்து நீளமாக ஒரு செய்தி வந்தது. "அத்தா, என்ன போட்டிருக்கு?" என்றான் அண்ணன். மாமா டீ டம்ளரோடு கதவோரம் நின்றிருந்தார். அத்தா படித்தார். உதடு அசைந்தது. நடுவில் நின்றது. கண்ணாடியைக் கழற்றி லுங்கியில் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"சின்ன அடிதானாம். ஓய்வெடுத்தா பழையபடி ஓடுவானாம்" என்றார்.

மாமா இருமிக்கொண்டே அடுக்களைப் பக்கம் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"அக்கா, அதுல அப்படியா போட்டிருக்கு? இனிமே பழைய வேகம் வராதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. கம்ப்யூட்டர்ல இருக்கறவனுக்குக்கூடவா பொய் சொல்லணும்?"

அம்மா வெங்காயத்தை நறுக்குவதை நிறுத்தவில்லை. "அவனுக்குன்னு சொன்னா இவன் தனக்குன்னு நெனச்சுக்குவான்."

"நெனைக்கட்டுமே. அங்கல்லாம் டாக்டர் நேரா புள்ளைங்ககிட்டயே சொல்லிடுவாரு."

"அது உங்க ஊரு. இங்க புள்ள மனசு ஒடஞ்சிடும்."

மாமா டீ டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். அவர் போய்ச் சொல்லிவிடுவார் என்று நான் நம்பினேன். சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான்; இரண்டு வாரத்தில் விமானம் ஏறிப் போய்விடுகிறவர், யாரும் அவரை ஒன்றும் செய்ய முடியாது. கிளம்புகிற அன்று அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: "அடுத்த தடவை வர்றப்ப கப்போட நிக்கணும் மாப்ள. நல்லா ஓடு." டாக்சி தெருமுனை திரும்புகிற வரைக்கும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு டீம் தோற்க ஆரம்பித்தது. காயம் ஆறிப் பதினோராம் நம்பர் திரும்பி வந்தான். அண்ணன் அவனைப் பழைய இடத்திலேயே, பழைய நீளத்து அம்போடு நிறுத்தினான். வேகம் பதினேழிலிருந்து குறைந்துகொண்டே வந்து பதினொன்றில் நின்றது. மேட்ச்சுக்கு மேட்ச் எழுத்து ஓடும், அவனிடமிருந்து பந்து பறிபோயிற்று, பறிபோயிற்று என்று. வலது ஓரத்துக்காரனை மாற்றிப் பார்த்தான். முன்னால் நிற்கிறவர்களை ஒருவரிலிருந்து இருவராக்கினான். பின்னால் நிற்கிறவர்களை மேலே ஏற்றினான். கோல்கீப்பரைத் திட்டினான். பதினோராம் நம்பரை மட்டும் தொடமாட்டான். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

"அந்த அம்பை எடுத்துடுண்ணே" என்பேன்.

"அம்பை எடுத்தா அவன் எப்படி எலியே? சும்மா நிக்கறதுக்குத் தெரு கம்பம் போதும்."

"அவனுக்கு பாஸ் பதினாறு இருக்கு பாரு. நடுவுல வச்சா நின்ன இடத்துலேர்ந்தே போடுவான்."

"நீ அசிஸ்டென்ட். மேனேஜர் நானு. வாயை மூடு."

"ஸ்பீட் பதினொண்ணு ஆயிடுச்சு, தெரியலயா உனக்கு?"

"அத்தாதான் படிச்சாங்களே, பழையபடி வரும்னு. வரும்."

 அத்தா படித்தது பொய் என்று சொன்னால், ஏன் பொய் சொன்னார் என்று கேட்பான். அங்கிருந்து ஒரே எட்டு வைத்தால் அவன் முட்டியில் வந்து நிற்கும். அதனால் நான் அந்தப் பச்சைக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே மென்று விழுங்கினேன். எனக்குப் பேச அனுமதி இருந்தது அந்தக் கட்டத்துக்குள் மட்டும்தான். அங்கேயும் அவன் காது கொடுக்கவில்லை.

கட்டுப் பிரித்து, அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிய நாட்களில் அவன் டீம் கோச் ஆப்பிள் பையோடு வீட்டுக்கு வந்தார். அண்ணனோடு சிரித்துப் பேசிவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது அத்தாவிடம் குரலைத் தாழ்த்தினார். நான் காலி டீ டம்ளரை வாங்குவதற்காக நின்றிருந்தேன்.

"பாய், டாக்டர் உண்மையில இன்னா சொன்னாரு?"

அத்தா சொன்னார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னார், அதுதான் எனக்கு ஆச்சரியம். ஊர்க்காரர் ஒருத்தரிடம் சொல்ல முடிந்தது.

கோச் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப ஓரத்துல வேணாம். நடுவுல கொண்டாந்துடலாம். இவனை மாதிரி பாஸ் போட இங்க ஆளு கெடையாது பாய். ஆனா புது இடம் பழகணும், அதுக்கு நாளாவும். ட்ரையல்ஸுக்கு இன்னும் டைம் இருக்கு. இன்னிக்கே சொல்லிட்டீங்கன்னா நாளையிலேர்ந்து நாற்காலியில உக்கார வச்சே பந்து போட வப்பேன்."

"வேணாம் சார். ஓடலாம்ன்ற தைரியத்துலதான் எந்திரிச்சு நடக்கிறான். நான் நேரம் பாத்து சொல்லிக்கிறேன்."

"நான் வேணா சொல்லட்டுமா?"

"உங்களைக் கும்புட்டுக் கேட்டுக்கிறேன் சார். நீங்க எதுவும் சொல்லிடாதீங்க."

கோச் தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கு டம்ளரைத் தரையில் போட்டு உடைக்கலாம் போல இருந்தது. எவர்சில்வர், உடைந்திருக்காது. நான் இரண்டு நாள் அத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், நேரம் எப்போது வரும் என்று. அண்ணன் சாப்பிடும்போது அது நேரமில்லை, தூங்கும்போது நேரமில்லை, சிரிக்கும்போது கெடுக்க மனசில்லை, முகம் வாடியிருக்கும்போது ஐயோ பாவம். ஆக, நேரம் வரவே இல்லை.

ஒருநாள் அண்ணன் கால் பயிற்சிக்காக அத்தாவோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். நான் உறையைக் கழற்றி, கம்ப்யூட்டரை ஆன் செய்து, பதினோராம் நம்பரின் அம்பை எடுத்தேன். வட்டத்தைப் பிடித்து மெதுவாக நடுவுக்கு இழுத்துவந்து, தடுப்பாட்டக்காரர்களுக்கு ஒரு அடி முன்னால் நிறுத்தினேன். மேட்ச்சை ஓடவிட்டேன். முதலில் அவன் திணறினான். அந்த இடம் அவனுக்குப் பழக்கமில்லை என்று ஆரஞ்சு நிறத்தில் காட்டியது. தோற்றோம். அடுத்ததும் தோற்றோம். ஆனாலும் மாற்றவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவன் பெயர் பந்து போட்டவன் பெயராக வர ஆரம்பித்தது. ஒரு மேட்ச்சில் டிரா. அடுத்ததில் ஒரு கோல் போட்டு ஜெயித்தோம், அந்த கோலுக்குப் பந்து கொடுத்தது அவன். நான் நாற்காலியிலிருந்து குதித்தேன். இதைக் காட்டினால் அண்ணனுக்குப் புரிந்துவிடும், நான் ஒன்றும் சொல்லவே வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

அண்ணன் வந்தான். பார்த்தான். முகம் சிவந்து போனது.

"யாருடி இதைத் தொட்டது? நம்மாளை எதுக்குடி இங்க கொண்டாந்து நட்டு வச்சிருக்க?"

"ஜெயிச்சிருக்கோம் பாருண்ணே. இங்கதான் அவன் நல்லா ஆடுறான்."

"அவன் ஓரத்துல ஓடுறவன்!"

"அவனால ஓட முடியாதுண்ணே!"

"முடியும்! காயம்தான் ஆறிடுச்சே!"

"ஆறினாலும் முடியாது! உனக்கு யாரும் சொல்ல..."

"என்னடி அங்க சத்தம்?" அம்மாவின் குரல் அடுக்களையிலிருந்து வந்தது. அவளே வாசலில் வந்து நின்றாள். கையில் கரண்டி. என்னையே பார்த்தாள். பஸ்ஸில் என் தோளில் கைவைத்தபோது பார்த்த அதே பார்வை.

"ஒண்ணுமில்ல. கேம்ல" என்றேன்.

அண்ணன் முன்பு சேமித்து வைத்திருந்த ஆட்டத்தைத் திறந்தான். நான் ஆடிய அத்தனை மேட்ச்சும் அழிந்தது. பதினோராம் நம்பர் மறுபடி இடது ஓரத்துக்குப் போனான், கட்டத்தின் கடைசி வரை அம்போடு. நான் மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். அந்த அழுகைக்கு மூக்கெல்லாம் எரியும்.

ட்ரையல்ஸ் அன்று அண்ணன் விடிந்ததும் குளித்துத் தொழுதுவிட்டு, ஷூவை எடுத்துத் துடைத்தான். அம்மா முட்டையும் பாலும் கொடுத்து, அவன் தலையில் கைவைத்து ஏதோ ஓதி ஊதினாள். அப்போதும் சொல்லலாம். அத்தா மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் அப்போதும் சொல்லலாம். மகனை ஊர் பார்க்க மைதானத்தில் இறக்குவதுகூட அவர்களுக்கு முடிந்தது, நான்கு வார்த்தை பேசுவது முடியவில்லை. அண்ணன் ஒரு நண்பனின் சைக்கிளில் போக, நான் தண்ணீர் பாட்டிலோடு அத்தாவின் பின்னால் உட்கார்ந்து போனேன்.

"எங்க ஆடுற?" என்று தேர்வுக்கு வந்தவர் கேட்டார். "லெப்ட் விங் சார்" என்றான் அண்ணன். கோச் அத்தாவைப் பார்த்தார். அத்தா மைதானத்துச் சுவரைப் பார்த்தார்.

முட்டி முழுசாக ஆறட்டும் என்று அதுவரை அவன் மெதுவாகத்தான் ஓடியிருந்தான், முழு வேகத்துக்கு அன்றுதான் முதல் தடவை. முதல் பந்து அவனுக்கு முன்னால் நீளமாக விழுந்தது. அவனுக்கென்றே போட்ட பந்து. பழைய அண்ணனாக இருந்தால் அதை எடுத்துக்கொண்டு எதிராளியைத் திரும்பிப் பார்க்கவும் நேரம் இருந்திருக்கும். ஓடினான். எதிர்ப் பக்கம் குருசுக்குப்பத்துப் பையன் ஒருத்தன் அவனைத் தாண்டிப் போய்ப் பந்தை எடுத்தான். இரண்டாவது பந்தும் அதேபோல. இந்தத் தடவை அந்தப் பையன் ஓடிக்கொண்டே பின்னால் திரும்பிப் பார்த்தான், என்ன ஆயிற்று இவனுக்கு என்பது போல. அவனுக்கு அண்ணனைத் தெரியும், முன்பு ஆடியிருக்கிறார்கள். அவன் வேகத்தைக் குறைத்துக்கொண்டான். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

மூன்றாவது பந்து காலுக்கே வந்தது. அண்ணன் ஓடாமல், நின்ற இடத்திலிருந்து, மைதானத்தின் குறுக்கே அந்தக் கோடி வரைக்கும் ஒரு பாஸ் போட்டான். இரண்டு பேர் தலைக்குமேல் போய் ஒருவன் காலடியில் விழுந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஒரு நிமிஷம் சத்தம் போட்டார்கள். ஆனால் அங்கே விங்கில் ஆடுகிறவனிடம் அதைத் தேடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனைக் கைகாட்டி வெளியே கூப்பிட்டுவிட்டார்கள்.

கோச் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். அவருக்கும் கோபமோ வருத்தமோ, வாய் நழுவிவிட்டது. "அந்த ஒரு பாஸ் போதும்டா. நடுவுல பழகியிருந்தா இன்னிக்கு உன்னை யாரும் அசைச்சிருக்க முடியாது. அன்னிக்கே பாய்கிட்ட சொன்னேன்."

"என்னிக்கு சார்?" என்றான் அண்ணன்.

கோச் அவன் தோளிலிருந்து கையை எடுத்தார்.

"டாக்டர் இன்னா சொன்னாரு சார்?"

கோச் அத்தாவைப் பார்த்தார். அத்தா மொபெட் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அதற்குமேல் கோச்சால் முடியவில்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னார், தான் வீட்டுக்கு வந்த நாளையும் சொன்னார். அண்ணன் கடைசிவரை கேட்டுவிட்டு, "சரி சார்" என்றான். பிறகு என்னைப் பார்த்தான். "உனக்கும் தெரியுமா?" நான் தலையாட்டினேன். அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் ஜூனியர் டீமுக்கு அவன் வயது தாண்டிவிட்டது. நடுவில் ஆடப் பழகினான், தெருப் பையன்களோடு, ஞாயிற்றுக்கிழமைகளில். நன்றாகவே ஆடினான். இன்று அத்தாவின் கடையை அவன்தான் பார்க்கிறான். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்பான், காய்ச்சலில் படுத்திருந்தாலும். பெரியவர்கள் பயந்துதான் அப்படிச் செய்தார்கள் என்று எனக்கு இப்போது தெரிகிறது. நானும் இரண்டு பிள்ளை பெற்றவள்தான். தெரிந்து என்ன செய்ய, கோபம் போகவில்லை.

ட்ரையல்ஸ் முடிந்த அன்று சாயங்காலம் வரை அண்ணன் அறையை விட்டு வெளியே வரவில்லை. கம்ப்யூட்டரையும் தொடவில்லை. அம்மா சங்கரா மீன் வாங்கி, அவனுக்குப் பிடித்த மாதிரி புளி தூக்கலாகக் குழம்பு வைத்திருந்தாள். வீடெல்லாம் அந்த வாசனை. மூன்று தடவை கூப்பிட்ட பிறகு வந்து உட்கார்ந்தான். அத்தா முன்னாலேயே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார், வாயில் வைக்காமல்.

அண்ணன் குரலை உயர்த்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவன் போலக் கேட்டான்.

"அத்தா, எங்கிட்ட சொல்லாதது இன்னும் ஏதாச்சும் இருக்கா?"

அத்தா தண்ணீர் சொம்பை எடுத்தார். குடித்தார். வைத்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். இப்போதாவது ஏதாவது சொல், ஒரு வார்த்தை சொல் என்று. அம்மா அவன் முகத்தைப் பார்க்காமல், சட்டியில் துழாவி இருப்பதிலேயே பெரிய துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

"முள்ளு இருக்கும். பாத்து சாப்புடு கண்ணு" என்றாள்.

முள்ளைச் சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வந்தது. அண்ணன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு குனிந்து, ஒவ்வொரு முள்ளாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, முழுசையும் சாப்பிட்டு முடித்தான்.